ஆந்தை இல்லாத மரம்

யானை மறுபடியும் விழுந்துடுச்சு. காலையில இருந்து இதே வேலையாப் போச்சு, நான் ஒட்டறதும் அது விழறதும். அஞ்சு கிலோ தாங்கும்னு அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருக்கான், எங்க தாங்குது, ஒரு துண்டைத் தாங்கலை. அதுவும் குழந்தைத் துண்டு, முயல் காது வெச்சுத் தெச்சது, கையில எடுத்தா கனமே தெரியாது. தும்பிக்கைதான் கொக்கி, அதுல மாட்டிட்டு நாலடி தள்ளி நின்னு அழகு பார்த்துட்டுத் திரும்பறதுக்குள்ள டப்புனு ஒரு சத்தம். இதுக்குப் பேர் யானையாம். ஒரு ஆணி அடிச்சா முடிஞ்சுபோற சமாச்சாரம், ஆனா மாடியில இருக்கற ஹவுஸ் ஓனருக்குச் சுத்தியல் சத்தம் கேட்டாப் போதும், தன் மண்டையிலயே அடிச்ச மாதிரி இறங்கி வந்துடுவார், சுவத்துல ஆணி அடிக்கறதில்லைன்னு சொல்லித்தானம்மா குடி வந்தீங்கன்னு. ஆமா, சொல்லித்தான் வந்தோம். வந்த நாள்ல இருந்து சாமி படம்கூட அலமாரிக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. அதனாலதான் எல்லாமே ஒட்டறது, ஒட்டி ஒட்டியே இந்தச் சின்ன ரூமுக்குள்ள ஒரு காடு பண்ணி வெச்சிருக்கேன். பதினோரு மணிக்கு ஆக்னஸ் மேடம் வர்றாங்க. தத்து கொடுக்கற இடத்துல இருந்து வீடு பார்க்க வர்றவங்க. அவங்க ரூம் ரூமாப் பார்த்து, என்னையும் என் வீட்டுக்காரரையும் என் மாமியாரையும் உட்கார வெச்சுப் பேசி, இந்த வீட்டுக்கு ஒரு குழந்தையைக் கொடுக்கலாம்னு எழுதினாத்தான் எங்க பேர் வரிசையில நிக்கும். வேண்டாம்னு எழுதிட்டா அவ்வளவுதான், முயல் காதை மடிச்சு உள்ள வெச்சுட்டு வேற வேலையைப் பார்க்க வேண்டியதுதான். இவர் தெருமுக்குல போய் நின்னிருக்கார், எங்க சந்து வெளியாளுக்குப் பிடிபடாது. அத்தை ஹால்ல முறத்தை மடியில வெச்சு அவரைக்காய்க்கு நார் உரிச்சுட்டிருக்காங்க. நல்ல சேலையா ஒண்ணு கட்டியிருக்காங்க, நான் சொல்லாமலே. அதுதான் எனக்கு உள்ள என்னமோ பண்ணுது.

மேடம் போன்ல சொன்னது ரொம்பச் சுலபம், குழந்தைக்குன்னு வீட்டுல ஒரு இடம் இருக்கணும்மா, நீங்க மனசளவுல தயாரா இருக்கீங்களான்னு நாங்க பார்க்கணும்னாங்க. மனசை எப்படிங்க காட்டறது. தட்டுல வெச்சா கொண்டுவந்து நீட்ட முடியும். சரி, மனசைக் காட்ட முடியலைன்னா மிருகத்தைக் காட்டுவோம்னு நான் வாங்க ஆரம்பிச்சேன், ஆரம்பிச்சவளுக்கு நிறுத்தத் தெரியலை. சோப்பு டப்பா தவளை. குப்பைத்தொட்டி பெங்குவின், காலால மிதிச்சா வாயைப் பொளக்கும், முதல் நாள் இவர் தெரியாம மிதிச்சுட்டு ஐயோன்னு பின்னால குதிச்சார். காத்துக்குக் கதவு சாத்திக்காம இருக்க ஒரு முள்ளம்பன்றி. ராத்திரி விளக்கு முயல். தலகாணி நரி, தினமும் நரி முகத்துலயே முழிக்கட்டும் என் பொண்ணு, நான் முழிச்ச மூஞ்சியெல்லாம் போதும். பொண்ணுதான் கேட்டிருக்கோம். தரையில புலி, நாலு காலையும் பரப்பிப் படுத்துட்டு, கண்ணு மட்டும் பாவமா. இவர் அதுமேல சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக் கையைத் தூக்கி எனக்கு ஆசீர்வாதம் பண்ணினார், குழந்தை பாக்கியம் உண்டாகட்டும் மகளேன்னு. சிரிச்சேன். சிரிச்சுட்டே தண்ணி குடிக்கற மாதிரி அடுப்படிக்குப் போயிட்டேன். அப்புறம் இந்தச் சுவர், சுவர் முழுக்க ஸ்டிக்கர் மரம், மரத்துல குரங்கு, அணில், வாலை மட்டும் காட்டற பாம்பு, மரத்தடியில நத்தை, பக்கத்துல கூரையைத் தொடற ஒட்டகச்சிவிங்கி. அது கால்ல இருந்து கழுத்து வரைக்கும் அளவு போட்டிருக்கு, குழந்தையை நிக்க வெச்சு வளர்ந்திருக்கான்னு பார்க்கறதுக்கு. அளவு தரையில இருந்தே ஆரம்பிக்குது. தரையில நிக்கற உயரத்துல யார் இருப்பா, யாரும் இருக்க மாட்டாங்க, ஆனா ஆரம்பிக்கணுமே. எல்லாம் சரியா இருக்கு, மேல் கிளையில மட்டும் ஒரு இடம் காலி. இலையெல்லாம் ரெண்டு பக்கமும் விலகி நிக்கும், நடுவுல ஒண்ணு வந்து உட்காரப் போகுதுங்கற மாதிரி. அங்க உட்கார வேண்டியது ஆந்தை. மரத்தோட சேர்ந்தே வந்துது, நான் கேட்டா வாங்கினேன். தாளோட கத்தரிச்சு மெத்தைக்கடியில வெச்சிருக்கேன். தூக்கிப் போடவும் மனசில்லை, ஒட்டவும் தைரியமில்லை, ஆந்தை அங்க முழிச்சுட்டுக் கிடக்கு.

போன தடவை ஒட்டினேன். இதே ரூம், இதே சுவர், அஞ்சாம் மாசம். அப்ப எனக்கு வாந்தியெல்லாம் நின்னு ராத்திரி நல்லாத் தூக்கம் வர ஆரம்பிச்ச நேரம், வயித்துக்குள்ள மீன் திரும்பற மாதிரி ஒரு அசைவு, அந்தத் திமிர்ல போய் வாங்கிட்டு வந்தேன், நாலு மிருகமும் ஒரு மூங்கில் தொட்டிலும். அத்தை வாசல்லயே நின்னுட்டாங்க. பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கறவ இருக்காளா, பொறக்காத புள்ளைக்குப் பொம்மை ஒட்டறவ இருக்காளா, அதுலயும் ஆந்தையான்னு கேட்டாங்க. நான் படிச்சவ இல்லையா, வாய் சும்மா இருக்குமா, அத்தை இது காகிதம், காகித ஆந்தை கத்தாதுன்னேன். இவர்கூடச் சிரிச்சார் அப்ப. வளைகாப்புக்கு நாள் குறிச்சு, வளையல்காரரைச் சொல்லியாச்சு, அந்த வாரம் அசைவு நின்னுது. நர்ஸ் வந்து பொண்ணுன்னாங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. இவரும் இவங்க சித்தப்பாவும் கொண்டு போனாங்க, எங்கன்னு நான் கேக்கலை, கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ என்னமோ. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து வாசப்படி ஏறும்போதே ஒரு சத்தம் கேட்டுது, சர்ரு சர்ருன்னு. அத்தை இந்த ரூம்ல ஸ்டூல் மேல நின்னுட்டு தோசைக்கரண்டியால சுவத்தைச் சுரண்டிட்டிருந்தாங்க. ஆந்தை பாதி போயிருந்துச்சு, ஒரு கண்ணு மட்டும் சுவத்துல ஒட்டிட்டிருந்துச்சு. நான் வந்ததைப் பார்த்தும் கையை நிறுத்தலை. சுண்ணாம்பு உதிர்ந்து தலையெல்லாம் வெள்ளையா இருந்துது அவங்களுக்கு. அப்புறம் சொந்தம் பந்தம்னு ஒறம்பரை ஒவ்வொண்ணா ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிட்டு வந்துச்சு, வந்தவங்க என்னைப் பார்த்துட்டு உடனே எழுந்து இந்த ரூமுக்கு வந்து சுவத்தைப் பார்ப்பாங்க. அத்தை கூட்டிட்டு வந்து காட்டுவாங்க, இங்கதான் வெச்சிருந்தா, ஆந்தையக் கொண்டாந்து வூட்டுக்குள்ள வெச்சா வெளங்குமான்னு. நாக்குல நரம்பே இல்லாம, அடுத்த ரூம்ல நான் படுத்திருக்கேன், பால் கட்டி நெஞ்செல்லாம் கல்லாக் கிடக்கேன், எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சே. அந்தச் சுரண்டின தழும்பு மேலதான் இப்ப ஒட்டகச்சிவிங்கி நிக்குது. வேணும்னேதான் அங்க ஒட்டினேன். தோசைக்கரண்டி இன்னமும் அதேதான், முனை மட்டும் மழுங்கியிருக்கு, தினம் தோசை திருப்பறேன்.

அதுக்கப்புறம் வயித்துல எதுவும் தங்கவே இல்லை. டாக்டர் ஒரு காரணம் சொன்னார், அடுத்த டாக்டர் வேற காரணம் சொன்னார், காரணம் தேடாதவங்க அத்தை மட்டும்தான், அவங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே. நான் வேலை பார்க்கறது ஸ்கேன் சென்டர்ல. விதி பாருங்க, முன்னால ரிசப்ஷன்ல உட்கார்ந்து வயித்துக்காரிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடற வேலை. தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க, முட்டிட்டு வந்தாச் சொல்லுங்க, அடுத்து நீங்கதான். ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட அடுத்து நீங்கதான்னு சொல்றேன். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தர் இன்னைக்குத்தான் வர்றாங்க. அங்க வர்றவங்கள்ல ஒருத்தி, சின்னப் பொண்ணு, காதுல பூனை கம்மல் போட்டுட்டு வந்திருந்தா, பாப்பாவுக்கு ரூம் ரெடி பண்ணிட்டோம் அக்கா, எல்லாம் பூனைதான்னு போட்டோ காட்டினா. எனக்கு உடனே வாயில வந்துடுச்சு, இப்பவே எதுக்கும்மா, பொறக்கட்டும்னு. வந்ததை முழுங்கிட்டேன். முழுங்கினது அத்தையோட குரல். என் தொண்டையில அவங்க எப்ப ஏறி உட்கார்ந்தாங்கன்னு எனக்கே தெரியலை. நம்பறியா நீ, நம்பலையே, அப்புறம் எதுக்கு ஆந்தையை மெத்தைக்கடியில வெச்சிருக்கேன்னு என்னை நானே கேக்கறேன். நம்பலைன்னா ஒட்டிட வேண்டியதுதானே. ஸ்டூல் இருக்கு, ஆந்தை இருக்கு, கை இருக்கு. அட போடி, ஒட்டாத. மேடம் வந்து போகட்டும்.

இதுல எனக்குப் பிடிபடாதது ஒண்ணே ஒண்ணுதான், அத்தை ஏன் இந்தத் தடவை வாயைத் திறக்கலை. பார்சல் வந்த அன்னைக்கு நான் சண்டைக்குத் தயாரா இடுப்புல சேலையைச் சொருகிட்டு நின்னேன். ஒவ்வொரு வார்த்தையும் எடுத்து வெச்சிருந்தேன், அவங்க இதைச் சொன்னா நான் இதைச் சொல்லணும்னு. அத்தை பெட்டியை எட்டிப் பார்த்துட்டு, நல்லாத்தான இருக்குதுன்னாங்க. அவ்வளவுதான். தொடுத்து வெச்சதெல்லாம் எனக்குள்ளயே கிடந்து நாறிப்போச்சு. ஒட்டகச்சிவிங்கி ஒட்டும்போது நான் தாளை உரிக்க உரிக்க அவங்க கீழே இருந்து கழுத்தைப் பிடிச்சுட்டிருந்தாங்க, சுருக்கம் விழாம ஈரத்துணியால நீவிக்கூட விட்டாங்க, எந்தக் கை சுரண்டுச்சோ அதே கை. போன வாரம் மருதமலைக்குப் போயிட்டு வந்து பையில இருந்து ஒரு கிளியை எடுத்து நீட்டினாங்க, பச்சைக் காகிதக் கிளி, கயித்துல கட்டித் தொங்கவிடறது. அந்த ரூம்ல மாட்டு அம்மிணின்னாங்க. அம்மிணின்னு என்னைக் கூப்பிட்டு எத்தனை காலமாச்சு. வெக்கமா இருக்கு சொல்ல, அன்னைக்கு ராத்திரி அவங்க கேக்காமயே கால்ல தைலம் தேய்ச்சு விட்டேன். நான், இந்த நான், அவங்க செத்தாலும் அழ மாட்டேன்னு சபதம் போட்டவ. வயசாயிடுச்சு, மனசு மாறியிருக்கும், விடு சுகந்திங்கறார் இவர். இவருக்கு எல்லாத்துக்கும் விடு சுகந்திதான், நான் எதை எதையெல்லாம் விட்டேன்னு இவருக்குத் தெரியாது. மாறினவங்க, போன வருஷம்தானே மஞ்சுளாவுக்குப் பிரசவம், இவரோட தங்கச்சி, அத்தைக்குச் செல்லப் பொண்ணு. அப்ப என்ன ஆட்டம் ஆடினாங்க. ஒரு ஊக்கு வாங்க விடலை. மஞ்சுளாவோட சிநேகிதி ஆசையா யானை போட்ட போர்வை கொடுத்தனுப்பினதை அப்படியே பிரிக்காமத் திருப்பி அனுப்பினாங்க, பொறந்தப்பறம் கொண்டா கண்ணுன்னு. புள்ளை பொறந்து அழுத சத்தம் கேட்டப்புறம்தான் மாமாவை, அத்தையோட தம்பியை, துணி வாங்கவே கடைக்கு விரட்டினாங்க. அதுவரைக்கும் பழைய வேட்டியில சுத்தி வெச்சிருந்தாங்க அந்தச் சிவப்புப் புள்ளையை. ஒரு வருஷத்துக்குள்ள அப்படி என்ன மாறிட முடியும் ஒரு மனுஷிக்கு. அங்க ஊக்குக்கூட ஆகாதுன்னவங்க, இங்க கிளி வாங்கிட்டு வர்றாங்க. தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி இது ஒண்ணு எனக்குள்ள இறங்கவே மாட்டேங்குது, சோறு திங்கும்போது, பஸ்ல நிக்கும்போது, இப்ப யானைக்குப் பின்னால புதுசா டேப்பை வெட்டும்போதும். ஏன் ஒண்ணும் சொல்லலை. ஏன் சொல்லலை.

ஒருவேளை இன்னைக்குச் சொல்றதுக்குன்னு சேர்த்து வெச்சிருக்காங்களோ. மேடம் தனியா உட்கார வெச்சுக் கேப்பாங்களாம், உங்களுக்கு இதுல முழுச் சம்மதமாம்மான்னு. ஒரு வார்த்தை போதும். என்ற பையன் ஆசைப்படறான்னு இழுத்தாப் போதும், யாரு எவருன்னு தெரியாம எப்படிங்கன்னு மூஞ்சியைச் சுளிச்சாப் போதும், அந்த மேடம் குனிஞ்சு ஏதோ எழுதும், என் காடு மொத்தமும் அதோட போச்சு. நேத்து இவர்கிட்டச் சொன்னேன், உங்கம்மாகிட்ட ஒரு தடவை பேசுங்க, என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுங்கன்னு. பச்சைப் புள்ளையா சொல்லிக் கொடுக்க, அவங்களுக்குத் தெரியாதாங்கறார். தெரியும்கறதுதான் எனக்குப் பயமே. நானே போய்க் கேட்டுடலாமான்னு இந்த யானையைக் கையில வெச்சுட்டு வாசக்கால் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். அத்தை தலையைத் தூக்காம, என்ன வேணும்னாங்க. ஒண்ணுமில்லைங்க அத்தைன்னேன். அவரைக்காயை ரெண்டா ஒடிச்சு நாரை இழுத்துத் தரையில போட்டாங்க. கேட்டு, அவங்க நல்லதாச் சொல்லிட்டா நான் என்ன பண்றது, இத்தனை வருஷம் கரிச்சுக் கொட்டினதையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டறது, அந்தப் பயமும் இருக்கு. வெறுத்தே பழகிட்டேன் இந்த மனுஷியை. மரத்து மேல நிஜப் பல்லி ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு, அந்தக் காலி இடத்துலயே, யாரோ கூப்பிட்டு உட்கார வெச்ச மாதிரி. சூன்னேன், போகலை. இருந்துட்டுப் போகட்டும், மேடம் அதையும் ஸ்டிக்கர்னு நினைச்சுக்கும். யானையை வெச்சு முழு பலத்தோட அழுத்தறேன், உள்ளங்கை வலிக்கற வரைக்கும். துண்டை மாட்டலை. துண்டு இல்லாம யானை நல்லாவே நிக்குது.

வண்டிச் சத்தம், இவர் குரல், பார்த்து வாங்க மேடம் படி கொஞ்சம் உசரம். ஆக்னஸ் மேடம் நான் நினைச்ச மாதிரி இல்லை, குட்டையா, பருத்திச் சேலை, வெயில்ல வந்த முகத்தைக் கைக்குட்டையால ஒத்திக்கிட்டு, முதல்ல ஒரு வாய் தண்ணி கொடுங்கம்மான்னாங்க. தெக்கத்திப் பேச்சு. எனக்குப் பாதி உசிர் வந்துச்சு. சமையல் ரூமைப் பார்த்தாங்க, பாத்ரூம்ல தவளையைப் பார்த்துச் சிரிச்சாங்க. எங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசினாங்க, எதுக்குத் தத்து, சம்பளம் என்ன, கோபம் வந்தா என்ன செய்வீங்கன்னு. கோபம் வந்தா பாத்திரம் கழுவுவேன்னு சொன்னேன், அதையும் எழுதிக்கிட்டாங்க. போன தடவை நடந்ததைக் கேட்டாங்க. சொன்னேன், ஆந்தையை விட்டுட்டு. அப்புறம் இந்த ரூமுக்கு எல்லாரும் வந்தோம். அத்தையும் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்தாங்க, தனியாப் பேசணும்னு மேடம் சொல்லலை, இப்படியே பேசலாம்னுட்டாங்க. மேடம் பெங்குவினை மிதிச்சுப் பார்த்தாங்க, கிளியை லேசாத் தட்டி ஆட்டி விட்டாங்க. அந்தக் கிளி நான் வாங்குனதுங்கன்னு அத்தை சொன்னாங்க, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, நிஜமா, அந்த நிமிஷம் நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன், ஸ்டூல், சுண்ணாம்பு, ஹார்லிக்ஸ், எல்லாத்தையும். மேடம் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாங்க. பல்லி ஓடிடுச்சு. இங்க ஏதோ ஒண்ணு விட்டுப் போச்சு போலயேம்மான்னு அந்தக் காலி இடத்துல விரலை வெச்சாங்க. இவர் என்னைப் பார்த்தார், நான் மெத்தையைப் பார்த்தேன். அது ஆந்தைங்க மேடம், எங்க பக்கம் ஆகாதும்பாங்க, அதான், பெரியவங்க இருக்கற வீடுன்னு நான் இழுத்தேன்.

அப்பத்தான் அத்தை பேசினாங்க. சிரிச்ச முகமாத்தான் பேசினாங்க, வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காப்பியில சக்கரை போதுமான்னு கேக்கற மாதிரி.

"ஆந்தையையும் ஒட்டிக்கட்டுங்க, இப்ப ஒண்ணும் ஆவாது."

பரவாயில்லையே, பெரியவங்களே இதெல்லாம் நம்பறதில்லைன்னா சந்தோஷம்மான்னு மேடம் பேனாவை எடுத்தாங்க.

"நம்பாம எப்படிங்க. எங்க வவுத்துல பொறக்கறதுக்குன்னா ஒரு ஊக்கு வாங்க விட மாட்டேனுங்க. இது எங்கியோ யாரோ பெத்ததுதானுங்களே. நம்ம தோசம் அதையெதுக்குங்க தேடிட்டு வரப் போவுது."

முள்ளு இறங்கிடுச்சு. இத்தனை நாளா தொண்டையில நின்னது ஒரே வழியா இறங்கி அடி வயித்துல போய்க் குத்திச்சு, ஏழாம் மாசம் வரைக்கும் ஒருத்தி இருந்த இடத்துல. மேடம் எழுதப் போன பேனா அப்படியே நின்னுது. இவர் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்க்க ஆரம்பிச்சார், அது ஓடிட்டுத்தான் இருந்துது, அதுல பார்க்க ஒண்ணும் இல்லை. கிளி ஆடிட்டிருந்துச்சு. அத்தைக்கு ஒண்ணுமே புரியலை, நல்ல வார்த்தை சொன்ன திருப்தியில முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டாங்க. பொய் சொல்லலை அந்த மனுஷி, கெட்ட எண்ணத்துல சொல்லலை, சம்மதம்தான், முழுச் சம்மதம். ஆந்தை கத்தினாலும் கேக்காத ஒரு குழந்தைக்கு, எந்தக் கண்ணும் படாத ஒரு குழந்தைக்கு, படற அளவுக்குக்கூட நம்ம குழந்தை இல்லாத ஒரு குழந்தைக்கு, கழுத்தைப் பிடிச்சு நீவி விட்டிருக்காங்க, கிளி வாங்கிட்டு வந்திருக்காங்க. பெரிசா வெறுத்திருந்தாக்கூட நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். அன்னைக்கு ஸ்டூல் மேல நின்னு சுரண்டினாங்களே, அது ஒரு புள்ளைக்காகச் சுரண்டினது, அவங்க வயித்தெரிச்சல் அது, இப்பத்தான் தெரியுது, அந்தக் கோபத்துலயாவது என் பொண்ணு அவங்க பேத்தியா இருந்தா. இவளுக்கு அதுகூடக் கிடையாது. இவ எங்க இருக்காளோ, எந்தத் தொட்டில்ல கிடக்கறாளோ, இன்னும் பொறக்கவே இல்லையோ, பயப்படறதுக்கு ஒரு ஆள் இல்லாம வரப் போறா இந்த வீட்டுக்கு. ஆள் இருக்கேன். நான் இருக்கேன். எனக்கு இப்பப் பயமா இருக்கு, ஏண்டி ஒட்டின, வர்றதுக்கு முன்னாடி ஏண்டி ஒட்டினன்னு உடம்பு பூரா கேக்குது. நான் போய் ஒட்டகச்சிவிங்கியோட காலடியில நகத்தை விட்டுக் கிளப்பினேன். டேப் மாதிரி இல்லை இது, நல்ல பசை, பெயின்ட்டோட சேர்ந்து வந்துது.

என்னம்மா பண்றீங்கன்னு மேடம் கேட்டாங்க. சத்தமாக் கேக்கலை.

"எடுத்துடறேங்க மேடம். புள்ளை வந்தப்பறம் ஒட்டிக்கறேன். வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் எங்க வீட்டுல ஆகாது. என் பொண்ணுக்கு ஆகாது."

அவங்க என்ன எழுதுவாங்களோ எனக்குத் தெரியாது. புத்தி சரியில்லைன்னு எழுதலாம், குழந்தைக்கு இடமில்லைன்னு எழுதலாம், சுவத்துல இடம் இல்லாமத்தான் போயிட்டிருக்கு. சுகந்தி, விடுன்னார் இவர். விடலை. அளவு போட்ட கழுத்து பட்டையாக் கிழிஞ்சு கையில வந்துது, அடியில பழைய தழும்பு தெரிஞ்சுது, சர்ரு சர்ருன்னு இழுத்த கோடெல்லாம் அப்படியே இருந்துது. அத்தை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தாங்க, அதையெதுக்கு எடுக்கற, நல்லாத்தான இருக்குது, இதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னுதான சொல்றேன்னாங்க. குரல்ல இப்பத்தான் ஒரு கலக்கம். மேடம் பேனாவை மூடி மடியில வெச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டிருந்தாங்க. குரங்கு வந்துடுச்சு, நத்தை வந்துடுச்சு, கிளை மட்டும் உறுதியா ஒட்டிட்டு வர மாட்டேங்குது, அந்தக் காலி இடத்தோட.

"அத்தை, அந்தத் தோசைக்கரண்டியை எடுத்துட்டு வாங்க. உங்களுக்குத்தான் நல்லாச் சுரண்ட வரும். உங்க பேத்திக்குத்தான், வாங்க."

அத்தை திரும்ப உட்காரவும் இல்லை, அடுப்படிப் பக்கம் போகவும் இல்லை. நான் நகத்தாலயே சுரண்டிட்டிருந்தேன்.